காய்ச்சல் விட்ட மறுநாள்: குழந்தையை வெளியே அனுப்பலாமா?

காலை 6 மணிக்குத் தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடுகிறது. தெர்மாமீட்டர் 101 காட்டுகிறது. ஒரு மூடி பாராசிட்டமால் சிரப் கொடுத்தாயிற்று. 7 மணிக்குக் குழந்தை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறது. 7.45-க்கு ஸ்கூல் வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. இன்றைக்கு ஆண்டு விழா ஒத்திகை இருக்கலாம், கராத்தே பெல்ட் தேர்வு இருக்கலாம், வகுப்போடு குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா இருக்கலாம். அனுப்புவதா, வேண்டாமா?

சேலத்தில் அம்மாபேட்டை, அஸ்தம்பட்டி, சூரமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் மழைக்கால மாதங்களில் இந்தக் குழப்பம் இல்லாத வீடு குறைவு. பெரும்பாலான வீடுகளில் தெர்மாமீட்டரில் தெரியும் எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். 99 என்றால் வேனில் ஏற்றுகிறார்கள், 101 என்றால் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் மருந்து கொடுத்த பிறகு பார்க்கும் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. காய்ச்சலுக்கு இது எத்தனையாவது நாள், கடைசியாக மருந்து கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, குழந்தை போகும் இடம் எப்படிப்பட்டது என்பவைதான் முடிவுக்கு உதவும். அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எது காய்ச்சல், எது வெறும் சூடு

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. உடம்பு எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். கிருமி உள்ளே நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சில வேதிப்பொருட்களை இரத்தத்தில் விடுகின்றன. அதன் விளைவாக அந்தப் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உண்டாகி, 98.6-இல் நின்றிருந்த அளவை 102-க்கோ 103-க்கோ ஏற்றி வைக்கிறது. உடம்பு அந்தப் புதிய அளவை எட்டப் பாடுபடும்போது குழந்தைக்குக் குளிரும், நடுங்கும். தலை கொதிக்கும்போது கைகால் சில்லென்று இருப்பதும் இதனால்தான், ஏனென்றால் தோலுக்கு வரும் இரத்தத்தை உடம்பு உள்ளுக்குள் இழுத்துக்கொள்கிறது. அளவு மீண்டும் இறங்கும்போது வேர்த்துக் கொட்டும்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்பது மருத்துவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கோடு. இதில் கவனிக்க வேண்டியவை:

1. ஆரோக்கியமான குழந்தைக்கே காலையைவிட மாலையில் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாக இருக்கும். மாலையில் 99.5 காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

2. அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் பார்ப்பதைவிடக் குறைவாகக் காட்டும். நீங்களாக ஒரு டிகிரி கூட்டிச் சொல்லாமல், "அக்குளில் 100 இருந்தது" என்று மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

3. நெற்றிக்கு நேரே காட்டும் கருவி தோலின் சூட்டைத்தான் அளக்கிறது. சித்திரை வெயிலில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்த குழந்தையை உடனே அளந்தால் தப்பாகத்தான் காட்டும். நிழலில் கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டுப் பாருங்கள்.

4. வெயிலால் வரும் சூடு வேறு விஷயம். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் மைதானத்தில் ஓடிய குழந்தையின் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் தவிக்கும்போது ஹைப்போதலாமஸ் எதையும் ஏற்றி வைத்திருப்பதில்லை. அதனால் அங்கே பாராசிட்டமால் வேலை செய்யாது. பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய்ச்சலே ஒரு கெட்ட பொருள் என்று நினைத்து அதை விரட்டப் பார்க்க வேண்டியதில்லை. கிருமியோடு உடம்பு நடத்தும் சண்டையில் அதுவும் ஒரு பகுதி. 103 காட்டும் குழந்தை சாதாரண வைரஸ் காய்ச்சலில் இருக்கலாம், 100 காட்டும் குழந்தை பெரிய ஆபத்தில் இருக்கலாம்.

மருந்து மறைக்கும் நான்கு மணி நேரம்

பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைக் குறைக்கிறது. மூளை ஏற்றி வைத்த அளவு இறங்குகிறது. கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கும், 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். கிருமியை அது தொடுவதே இல்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருந்ததோ அந்தக் கட்டத்திலேயே போய்க்கொண்டிருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன காலையை இதோடு பொருத்திப் பாருங்கள். 6 மணிக்குக் கொடுத்தது 10 மணிக்கு மேல் குறையத் தொடங்கும். இரண்டாம் பீரியட் முடியும் நேரத்தில் குழந்தைக்குக் குளிர் எடுக்கும். பெஞ்சில் தலை சாயும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியை அதைக் கவனிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த இருவர் அதே காற்றை மூன்று மணி நேரம் மூச்சு வாங்கியிருப்பார்கள். பிறகு பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வரும். தறியிலோ, வெள்ளிப் பட்டறையிலோ, கடையிலோ வேலை பார்க்கும் அம்மா பாதி நாள் கூலியை விட்டுவிட்டு ஓடி வர வேண்டும்.

அதனால்தான் "மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்" என்ற விதி பல நாடுகளில் பள்ளிகளுக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. இதில் முக்கியமான சொல் "மருந்து கொடுக்காமலே" என்பதுதான். நேற்று இரவு 10 மணிக்குக் கடைசி மூடி கொடுத்தீர்கள் என்றால் அது அடங்கும் நேரத்துக்குப் பிறகுதான், அதாவது விடியற்காலையிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது.

மருந்தின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடக்கும் இடம் இது. வயதை வைத்துக் கொடுக்கக் கூடாது, எடையை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 18 கிலோ குழந்தைக்கு 270 மில்லிகிராம் வரும். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். 5 மிலியில் 120 அல்லது 125 என்று ஒன்று இருக்கும், 5 மிலியில் 250 என்று இன்னொன்று இருக்கும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மிலியில் 100 இருக்கும். மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறத்தில்தான் இருக்கின்றன. 250 பாட்டில் என்றால் அந்தக் குழந்தைக்கு 5 மிலி போதும், 125 பாட்டில் என்றால் 10 மிலி வேண்டும். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து மூடி நிறைய ஊற்றினால் அளவு பல மடங்கு ஏறிவிடும். ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம், இரண்டு வேளைக்கு நடுவில் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அளவுக்கு மீறினால் கல்லீரல் கெடும். சமையல் ஸ்பூனால் அளக்காதீர்கள். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவர் பார்க்காமல் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது.

பாராசிட்டமாலுக்குக் காய்ச்சல் சட்டென்று இறங்கவில்லை என்று மெடிக்கலில் வேறு மருந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். நிமசுலைடை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்க இந்தியாவில் 2011-இலேயே தடை வந்துவிட்டது. மெஃபனமிக் அமிலத்தால் சிலருக்கு உள்ளுறுப்புகளைப் பாதிக்கும் கடும் ஒவ்வாமை வருகிறது என்று 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. ஆஸ்பிரின் குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆகவே ஆகாது. சின்னம்மையிலோ ஃபுளூவிலோ கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரலாம். டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை இபுபுரோஃபனும் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. குழந்தையால் முடியுமா?

உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இதயத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவுக்குக் கூடும். உடம்பு இழக்கும் தண்ணீரும் கூடும். சும்மா படுத்திருக்கும்போதே உடம்பு இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதன்மேல் ஸ்கேட்டிங், கபடி, பரதநாட்டியம் என்று சேர்த்தால் இரட்டைச் சுமை. சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சி உண்டாக்கும். அது நூற்றில் ஒருவருக்குக்கூட வராது என்றாலும், வந்திருக்கும்போது ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். எனவே உடம்பு சுடும்போதும், உடம்பு வலி இருக்கும்போதும் ஓடியாடும் எதுவும் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. வெறும் மூக்கு ஒழுகல் இருந்து, காய்ச்சல் வராமல், நன்றாகச் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தை விளையாடலாம்.

முடியுமா என்பதை எப்போது பார்ப்பது? மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பாருங்கள். சூடு இறங்கிய அந்த ஒரு மணி நேரத்திலும் குழந்தை பொம்மையைத் தொடாமல், டிவியைப் பார்க்காமல், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுருண்டு கிடந்தால் தெர்மாமீட்டர் எதைக் காட்டினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2. மற்றவர்களுக்குத் தொற்றுமா?

ஃபுளூ காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து ஐந்து, ஏழு நாட்கள் வரை பரவும், சிறு பிள்ளைகளிடமிருந்து அதற்கு மேலும் பரவும். நம் குழந்தைக்கு மூன்று நாளில் போய்விடும் காய்ச்சல் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் வீட்டில் இருக்கும் பச்சைக்குழந்தைக்கோ, சர்க்கரை நோயுள்ள தாத்தாவுக்கோ, கர்ப்பமாக இருக்கும் ஆசிரியைக்கோ மூன்று நாளில் போகாது.

3. போகும் இடத்தில் மோசமானால் யார் கவனிப்பார்கள்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பாட்டி வீட்டுக்குப் போய்ச் சோபாவில் படுத்திருப்பதும், 50 பேரோடு பஸ்ஸில் சுற்றுலா போவதும் ஒன்றல்ல. நீச்சல் வகுப்பில் கவனம் தவறும் நிமிடம்கூட ஆபத்து. குழந்தை கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்பதை அதை தினமும் பார்ப்பவரால்தான் கண்டுபிடிக்க முடியும்.

டெங்கு: காய்ச்சல் விடும் நாள்தான் கவலைக்குரிய நாள்

மேலே சொன்ன 24 மணி நேர விதி ஓர் இடத்தில் போதாது. அந்த இடம் டெங்கு.

சேலத்தில் தினமும் குழாய்த் தண்ணீர் வராத தெருக்களில் டிரம், சிமெண்ட் தொட்டி, குடம் என்று பிடித்து வைப்பார்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை தொட்டியின் உள்சுவரில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த தண்ணீருக்குப் பொரிக்கும். இது பகலில் கடிக்கும் கொசு என்பதால் பள்ளியிலும் டியூஷனிலும் கடிபடுவதற்கு வாய்ப்பு அதிகம்.

டெங்குவில் காய்ச்சல் வழக்கமாக 2 முதல் 7 நாட்கள் இருக்கும். பிறகு இறங்கும். அந்த இறக்கத்தில்தான், பெரும்பாலும் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில், சில குழந்தைகளுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்குகிறது. ஒன்று அல்லது இரண்டு நாட்கள் நீடிக்கும் இந்தக் கட்டத்தில் இரத்தம் கெட்டியாகும், இரத்த அழுத்தம் சரியும். தெர்மாமீட்டர் அப்போது 98 காட்டும். "காய்ச்சல் விட்டாச்சு, இரண்டு நாளா பள்ளிக்கூடம் போகலை, இன்னைக்காவது போகட்டும்" என்று அனுப்பும் நாளும் அதே நாள்தான். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

அதனால் டெங்கு பரவும் மாதங்களில் இப்படிச் செய்யலாம்:

1. காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் காலண்டரில் எழுதுங்கள். அதுதான் முதல் நாள். "போன வாரம் ஆரம்பிச்சது" என்று சொன்னால் மருத்துவரால் கணக்குப் போட முடியாது.

2. டெங்கு வைரஸின் புரதத்தை இரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களில்தான் நன்றாகக் காட்டும். அது இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. 3-ஆம் நாளிலிருந்து இரத்த அணுக்களின் எண்ணிக்கையை மருத்துவர் மீண்டும் மீண்டும் பார்க்கச் சொன்னால் சலித்துக்கொள்ள வேண்டாம். பிளேட்லெட்டை மட்டும் கேட்டுவிட்டு வராமல், இரத்தம் கெட்டியாகிறதா என்றும் கேளுங்கள்.

3. காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாட்கள் வீட்டில், கண் பார்வையில் வைத்திருங்கள். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கருப்பாக மலம் போவது, மயக்கம், இனம் புரியாத அமைதியின்மை, சில்லிட்ட கைகால் என இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைதான்.

4. காய்ச்சல் இருக்கும் நாட்களில் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அந்த நாட்களில் குழந்தையைக் கடிக்கும் கொசு வைரஸை ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

நிலவேம்புக் குடிநீர் கொடுத்தாலும் இந்த நாள் கணக்கு மாறாது.

வேலைக்குப் போகும் பெற்றோர் பலருக்கு மொத்தமே இரண்டு நாள் லீவுதான் கிடைக்கும். உடம்பு கொதிக்கும் முதல் இரண்டு நாளில் அதைச் செலவழித்துவிட்டு, சூடு இறங்கிய நாளில் வேலைக்குத் திரும்புவார்கள். முடிந்தால் இதைத் திருப்பிப் போடுங்கள். முதல் இரண்டு நாட்கள் மருந்து, கஞ்சி, தண்ணீர் என்று அப்பத்தாவோ அம்மாயியோ பார்த்துக்கொள்ளட்டும். 4, 5, 6-ஆம் நாட்களில் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

அம்மை கண்ட வீடு கற்றுத் தருவது

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் காலத்தில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் என்ன அர்த்தம் என்று சேலத்தில் யாரும் விளக்க வேண்டியதில்லை. குழந்தையை வெளியே விடமாட்டார்கள், வெளியார் உள்ளே வரமாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அது பரவும் என்று மருத்துவம் சொல்வதோடு இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அம்மைக்கு ஒரு வாரம் பள்ளி போகாமல் இருப்பதை ஏற்கும் நாம், ஃபுளூவுக்கு ஒரு நாள் நிறுத்தத் தயங்குகிறோம். (அம்மை கண்டால் மருத்துவரிடம் போகக் கூடாது என்ற பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். மூச்சு வாங்கினாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ காட்டியே ஆக வேண்டும்.)

மற்றவை சுருக்கமாக: தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து தோன்றிய பின் 4 நாள் வரை பரவும். பொன்னுக்கு வீங்கி என்கிற புட்டாளம்மைக்குக் கன்னம் வீங்கியதிலிருந்து 5 நாள். தொண்டையில் பாக்டீரியாத் தொற்று என்று மருத்துவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால், தொடங்கி ஒரு நாள் கழிந்து காய்ச்சலும் இல்லையென்றால் போகலாம், ஆனால் கோர்ஸை முடிக்க வேண்டும். 2022-இல் கேரளத்தில் "தக்காளிக் காய்ச்சல்" என்று பேசப்பட்டது கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய்தான். அதற்குக் காய்ச்சல் நின்று கொப்புளம் காயும்வரை வீட்டில் இருக்கட்டும். வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும் என்பதால் கழிப்பறைக்குப் போய் வந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அதற்குப் பிறகும் தொடர வேண்டும்.

தடுப்பூசி போட்ட நாளிலும் மறுநாளும் வரும் லேசான சூடு தொற்று நோயில்லை, யாருக்கும் பரவாது. தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் சூடு வரலாம்.

ஏற்காடு ஏறலாமா?

மே மாதம் கோடை விழாவுக்கு ரூம் போட்டு, பணம் கட்டி, உறவுக்காரர்களும் வந்து இறங்கியிருப்பார்கள். கிளம்பும் நாள் காலையில் சின்னதுக்கு உடம்பு சுடும். "மலைக்காற்று பட்டால் சரியாயிடும்" என்று ஒருவர் சொல்வார். "குளிரில் ஜன்னி வந்துடும்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே சரியில்லை. குளிர்ந்த காற்று காய்ச்சலைக் கொண்டுவருவதும் இல்லை, போக்குவதும் இல்லை. ஆனால் மலை வேறு விதத்தில் கணக்கை மாற்றுகிறது.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். இதில் நடப்பவை:

1. வளைவுகளில் ஆரோக்கியமான பிள்ளைகளே வாந்தி எடுக்கும். காய்ச்சல் பிள்ளை வாந்தி எடுத்தால் அது பயணத்தாலா, நோயாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. டெங்குவில் நிற்காத வாந்தி ஓர் எச்சரிக்கைக் குறி என்று பார்த்தோம். அந்தக் குறியையே நாம் குழப்பிக்கொள்கிறோம். அரை மணி முன்பு கொடுத்த சிரப்பும் வெளியே வந்துவிடும், மறுபடி எவ்வளவு கொடுப்பது என்று திகைப்போம்.

2. சளி அடைத்த குழந்தையின் காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் வீங்கியிருக்கும். காற்றழுத்தம் மாறும்போது காது வலி உயிர் போகும், இறங்கும்போது இன்னும் அதிகம். வளைவில் திடீரென்று வீறிட்டு அழும் கைக்குழந்தைக்குப் பல நேரம் காதுதான் காரணம். பால் குடிக்க வைத்தால் விழுங்கும்போது கொஞ்சம் தளரும்.

3. மேலே சேலத்தைவிட 8 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். குளிர் எடுக்கும் குழந்தையைக் கம்பளியில் சுற்றுவோம். காய்ச்சல் ஏறும்போது போர்த்துவது சரி, வேர்க்கத் தொடங்கிய பிறகும் மூன்று அடுக்கு ஸ்வெட்டரோடு வைத்திருந்தால் சூடு வெளியேறாது.

4. காற்றழுத்தம் குறைவதால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் கொஞ்சம் குறையும். நல்ல குழந்தைக்கு அது தெரியவே தெரியாது. நிமோனியாவோ வீசிங்கோ தொடங்கியிருக்கும் குழந்தைக்குத் தெரியும்.

5. இரவு 2 மணிக்கு மோசமானால் அதே 20 வளைவுகளையும் இருட்டில், பெரும்பாலும் மூடுபனியில் இறங்கித்தான் சேலத்தின் பெரிய மருத்துவமனைகளுக்கு வர வேண்டும். இந்த ஒன்றே எனக்குப் போதுமான காரணமாகத் தெரிகிறது.

காய்ச்சல் இருக்கும் குழந்தையோடு மலையேற வேண்டாம். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகாவிட்டாலும் வேண்டாம். ஏரியும் அண்ணா பூங்காவும் அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும். மற்ற பிள்ளைகள் ஏமாந்துபோகக் கூடாது என்றால் குடும்பம் இரண்டாகப் பிரியலாம், ஒருவர் குழந்தையோடு வீட்டில் இருக்கலாம்.

மலையிலிருந்து திரும்பிய பிறகு வரும் காய்ச்சலைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. புதர் அடர்ந்த இடங்களில் உள்ள நுண்ணிய உண்ணியின் குஞ்சுகள் கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைபஸ், நம் ஊர்ப் பேச்சில் உண்ணிக் காய்ச்சல். கடித்தது தெரியவே தெரியாது. 6 முதல் 21 நாட்கள் கழித்துக் காய்ச்சல் வரும், அதற்குள் சுற்றுலா போனதே மறந்திருக்கும். குழந்தையின் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களைத் துணி விலக்கிப் பாருங்கள். சிகரெட் சுட்டது போல் கருப்புப் பொருக்கோடு ஒரு சிறு புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லோருக்கும் புண் தெரியாது, எனவே "மூன்று வாரத்துக்குள் ஏற்காட்டில் காபித் தோட்ட ஓரமாக விளையாடினான்" என்று கேட்காமலே சொல்லுங்கள். சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் அடங்கிவிடும். தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கும்.

எப்போது எதையும் யோசிக்காமல் மருத்துவமனை

3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 வந்தாலே போக வேண்டும். கழுத்தை மடக்க முடியாமை, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், எழுப்பினால் எழாமை, 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமை ஆகியவற்றுக்கும் அப்படியே.

மூச்சை நீங்களே எண்ணலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கக்கூட வேண்டாம்.

வலிப்பு பார்ப்பவரை நிலைகுலைய வைக்கும். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு ஒரு தடவையாவது வலிப்பு வருகிறது. பெரும்பாலானவை 5 நிமிடத்துக்குள் தானே அடங்கும், மூளையைக் கெடுக்காது. கையில் சாவியைத் திணிப்பதோ, பல்லுக்கு நடுவில் ஸ்பூனை நுழைப்பதோ, வாயில் தண்ணீர் ஊற்றுவதோ கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். முன்பே அடங்கினாலும் முதல் தடவை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் இருக்கும்போது தண்ணீர்தான் முக்கியம். கஞ்சி, இளநீர், மோர், எது இறங்குகிறதோ அது. ஓஆர்எஸ் வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், ஒரு லிட்டரில் கலக்கும் பாக்கெட்டும் உண்டு, 200 மிலியில் கலக்கும் சிறு பாக்கெட்டும் உண்டு. ஒரு லிட்டர் பாக்கெட்டை 200 மிலியில் கலக்கினால் உப்பு ஏறிவிடும். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டதும் இந்தக் குழப்பத்தால்தான். ஈரத்துணியால் துடைப்பதானால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடையுங்கள். ஐஸ் தண்ணீர் நடுக்கத்தை உண்டாக்கும், நடுக்கம் சூட்டை ஏற்றும்.

மீண்டும் மைதானத்துக்கு

வகுப்பில் உட்காருவதற்கும் மைதானத்தில் ஓடுவதற்கும் ஒரே தேதி வைக்கக் கூடாது. சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றால் மருந்தில்லாமல் ஒரு நாள் கழிந்ததும் வகுப்புக்குப் போகலாம். ஓட்டப் பயிற்சி, கராத்தே, நீச்சல் ஆகியவற்றுக்கு இன்னும் சில நாட்கள் பொறுத்து, படி ஏறினால் மூச்சு வாங்காத நிலைக்கு வந்த பிறகு மெல்லத் தொடங்கலாம். டெங்கு என்று உறுதியானவர்கள் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். திரும்பி வந்து விளையாடும்போது நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் என்று குழந்தை சொன்னால் சாக்குச் சொல்கிறது என்று தள்ளிவிடாதீர்கள்.

நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகள் அதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்த பிள்ளைக்கும் அந்தப் பரிசு போகிறது.

அனுப்பும் முதல் நாளில் பள்ளி டைரியில் ஐந்து வரி எழுதிக் கொடுங்கள்: காய்ச்சல் தொடங்கிய தேதி, விட்ட தேதி, கடைசியாக மருந்து கொடுத்த நேரம், இந்த வாரம் பி.டி. பீரியடில் ஓட விட வேண்டாம் என்ற வேண்டுகோள், பகலில் உடனே எடுக்கும் ஒரு போன் எண். வேனில் ஏறும்போது டிரைவர் அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.